மல்லர் கோடி இராமமூர்த்தி

மல்லர் பெயர் பூண்ட மாநகர்

வங்கக் கடலின் அலைகள் ஓயாது வந்து மோதும் மாமல்லபுரத்தைப் பற்றி அறியாத மாணவர் நம் நாட்டில் இலர். ஒரு கல்லில் குடைந்த தேர்களையும், குகைக் கோயில்களையும், கடற்கரைக் கோயிலையும் கண்டு மகிழ்ந்து திரும்புவோர் பலர். ஆயினும் அவ்வூர் தாங்கி நிற்கும் பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்போர் சிலரே ஆவர். மாமல்லன் என்பது, கி.பி. 630 முதல் 668 வரை காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் நரசிம்மவர்ம பல்லவனின் சிறப்புப் பெயர். மற்போரில் வல்ல பெருவீரன் என்பது அதன் பொருள். முடியும் கோலும் தந்த பெருமையோடு, தன் தோள்வலியால் வந்த பெருமையையும் ஒருங்கே மதித்தவன் அம்மன்னன். வாதாபியை வென்ற வேந்தன், மல்லன் என்னும் பெயரைத் தனக்கு இழுக்கென்று கருதவில்லை; அணியாகவே கொண்டான்.

மல்லன் பெயரைச் சூடிய இக்கடற்கரை செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்றைய செங்கற்பட்டு மாவட்டம் 2019ஆம் ஆண்டில் தனியாக அமைக்கப் பெற்றது. ஆயினும் அப்பெயரால் வழங்கிய பழைய மாவட்டம் மிகப் பரந்து கிடந்தது. இன்று சென்னை மாநகரின் ஒரு பகுதியாகிவிட்ட சைதாப்பேட்டை, 1859 முதல் 1968 வரை அப்பழைய மாவட்டத்தின் தலைநகராய் விளங்கிற்று. அச்சைதாப்பேட்டைக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தில், தெலுங்கு நாட்டிலிருந்து உடற்பயிற்சிக் கலையைக் கற்க இளைஞர் ஒருவர் வந்தார். பிற்காலத்தில் கலியுக பீமன் என்று நாடெங்கும் போற்றப் பெற்ற கோடி இராமமூர்த்தி நாயுடு என்பவரே அவர். மாமல்லன் நாட்டில் மாணவராய் இருந்த அம்மல்லரின் வரலாறு, உடலை வளர்க்க விரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் அறியத் தக்கதாகும்.

பிறப்பும் இளமையும்

ஆந்திர நாட்டின் வடகோடியில் வீரகட்டம் என்னும் சிற்றூர் உள்ளது. முன்னர்ச் சிறீகாகுளப் பகுதியைச் சார்ந்திருந்த அவ்வூர், 2022ஆம் ஆண்டு முதல் பார்வதிபுரம் மன்யம் மாவட்டத்தில் அடங்கியுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் எண்பதுகளில் இராமமூர்த்தி அவ்வூரில் தோன்றினார். தந்தையார் வெங்கண்ணா நாயுடு என்பவர். குழந்தைப் பருவத்திலேயே அன்னையை இழந்த இராமமூர்த்தி, தந்தையின் அன்பு நிழலில் வளர்ந்தார்.

பின்னாளில் யானையைத் தாங்கிய மார்பு, இளமையில் இரும்பாக அமைந்திருந்ததோ எனின், அன்று. சிறுவராய் இருந்தபோது அவர் மெலிந்த உடலினராய், மூச்சிரைப்பு நோயால் துன்புற்றவர் என்று அவரைப் பற்றிய வரலாறுகள் கூறுகின்றன. பீமன், அனுமன் முதலிய வீரர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டு, தாமும் அவர்களைப் போல் ஆதல் வேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அவ்வேட்கையைப் பகற்கனவாக்கி ஒழியாது நாள்தோறும் செய்யும் தொழிலாக மாற்றிக்கொண்டமையே அவரை மற்றச் சிறுவரினின்றும் வேறுபடுத்தியது.

மகன் படிப்பிலும் பார்க்க உடற்பயிற்சியில் பெருநாட்டம் கொண்டதைக் கண்ட தந்தையார், அவரை விசயநகரத்தில் இருந்த சிறிய தந்தையாரிடம் அனுப்பி வைத்தார். விசயநகரம் அக்காலத்தில் இசைக்கும், கல்விக்கும், மற்போருக்கும் ஒருங்கே புகழ் பெற்ற நகரம். அங்கே பள்ளியிற் படித்துக்கொண்டே உடற்பயிற்சிக் கூடத்திலும் சேர்ந்து பயின்றார் இராமமூர்த்தி.

சிறுகச் சிறுகப் பெருகிய வலிமை

தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை சுழற்றுதல், மற்போர், ஓட்டம் ஆகியவையே அக்காலப் பயிற்சிக் கூடங்களில் பயிலப்பட்டவை. கைகளைத் தரையில் ஊன்றி உடலைத் தாழ்த்தி உயர்த்துவது தண்டால். நின்ற நிலையினின்று முழங்கால் மடக்கி அமர்ந்து எழுவது பஸ்கி. இவற்றிற்கு விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டா. ஒரு முழ இடமும், விடியலில் எழும் மனமும் போதும். இராமமூர்த்தி இப்பயிற்சிகளைச் சிறு எண்ணிக்கையில் தொடங்கி, ஆண்டுகள் செல்லச் செல்ல நூற்றுக்கணக்காகவும் ஆயிரக்கணக்காகவும் உயர்த்தினார் என்பர். அவற்றோடு மூச்சை உள்ளிழுத்து நிறுத்தி அளவோடு வெளிவிடும் பயிற்சியையும் இடைவிடாது செய்தார். இளமையில் மூச்சிரைப்பால் வருந்தியவரே, மூச்சை அடக்கி ஆளும் திறத்தால் பிற்காலத்தில் உலகை வியக்க வைத்தார் என்பது எண்ணி எண்ணி மகிழத் தக்கது.

இருபத்தோராம் வயதில் ஒன்றரை டன் எடையைத் தம் மார்பின்மேல் தாங்கினார் என்றும், பின்னர் அது மூன்று டன்னாக வளர்ந்தது என்றும் அவர் வரலாற்றில் கூறப்படுகிறது. முதல் நாளில் தாங்கிய எடை எவ்வளவு என்று எவரும் எழுதி வைக்கவில்லை. அது மிகச் சிறியதாகவே இருந்திருத்தல் வேண்டும். மரம் ஒரே இரவில் வளர்வதில்லை. வளர்வதை எவரும் கண்ணால் காண்பதும் இல்லை. ஆயினும் ஓராண்டு கழித்து வந்து பார்ப்பவன் அதன் உயரத்தைக் கண்டு வியக்கிறான். உடலின் வலிமையும் அத்தகையதே.

இக்கால உடலியல் அறிஞர் ஒரு செய்தியை நமக்குத் தெளிவுபடுத்தியுள்ளனர். பயிற்சி தொடங்கிய முதற் சில வாரங்களில் தசை பெரிதும் பருப்பதில்லை. தசையை ஏவுகின்ற நரம்புகளே தம் தொழிலைத் திருத்தமாகக் கற்றுக்கொள்கின்றன. ஆதலின் உடலின் எடை சிறிதும் ஏறாத நிலையிலும் வலிமை ஏறுகிறது. தசை பருத்தல் அதன் பின்னரே மெல்ல நிகழ்கிறது. வலிமை முன்னே செல்ல, எடை அதனைப் பின்தொடர்கிறது. இம்முறையை அறியாத இளைஞர் சிலர், எடை முன்னே ஏற வேண்டும், வலிமை தானே வந்து சேரும் என்று மயங்கி, வயிற்றைப் பெருக்கிக்கொண்டு வருந்துகின்றனர்.

சைதாப்பேட்டையில் மாணவர்

அந்நாளில் தமிழகத்தின் பெரும்பகுதியும் ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களும் சென்னை மாகாணம் என்னும் ஓர் ஆட்சியின் கீழ் இருந்தன. ஆதலின் உடற்பயிற்சி ஆசிரியராக விரும்பிய இராமமூர்த்தி, அதற்குரிய சான்றிதழைப் பெறும் பொருட்டு, வடகோடியிலிருந்து சென்னையை அடுத்த சைதாப்பேட்டைக்கு வந்தார். அங்கிருந்த கல்லூரியில் ஓராண்டுக் காலம் உடற்பயிற்சிக் கல்வி கற்றார். இதே சைதாப்பேட்டைப் பகுதியில், ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவிய புகழ்மிக்க உடற்பயிற்சிக் கல்லூரியும் பின்னர் நிலைபெற்றது. இராமமூர்த்தி பயின்றது அதற்கு முந்திய காலம்.

கூடத்தில் தாமே பயின்று வலிமை பெற்ற ஒருவருக்கு ஓராண்டுக் கல்வி எதற்கு என்று சிலர் வினவலாம். தான் வலியன் ஆவது வேறு. பிறரை வலியர் ஆக்குவது வேறு. தன் உடலுக்கு ஏற்ற பயிற்சி மற்றொருவன் உடலுக்கு ஏலாது போகலாம். வயது, உயரம், உடல்வாகு, நோய், உணவு ஆகியவற்றை அறிந்து அளவறிந்து பயிற்றுவதே ஆசிரியர் கடமை. அதனைக் கற்றுச் சான்றிதழுடன் விசயநகரம் திரும்பிய இராமமூர்த்தி, தாம் முன்னர்ப் படித்த பள்ளியிலேயே உடற்பயிற்சி ஆசிரியராய் அமர்ந்தார். தாம் மாணவராய் ஓடிய திடலில் மாணவரை ஓடச் செய்தார்.

உணவும் உடலும்

இராமமூர்த்தி புலால் உண்ணாதவர். அனுமனை வழிபட்டுத் தூய ஒழுக்கம் பேணியவர். நாட்டையே வியக்க வைத்த அவருடைய தோள்கள் மரக்கறி உணவால் வளர்ந்தவை. இதனால் புலால் உண்போர் வலிமை பெறார் என்று கொள்ளுதல் கூடாது. அவர் காலத்தவரும், 1910ஆம் ஆண்டில் இலண்டன் சென்று மேனாட்டு மல்லரை எதிர்த்து நின்றவருமான காமா, இறைச்சியும் பாலும் வாதுமையும் மிகுதியாக உண்டவர். இருவரும் பெருவலியர். உணவின் வகை இருவர்க்கும் வேறாயினும், உண்டதைச் செரிக்கும் கடும் உழைப்பு இருவர்க்கும் ஒன்றாகவே இருந்தது. காமா உண்ட உணவின் அளவைக் கேட்டு வாய் பிளப்போர், அவர் நாள்தோறும் செய்த பஸ்கியின் எண்ணிக்கையைக் கேட்பதில்லை. உழைப்பை விட்டு உணவை மட்டும் பின்பற்றுபவன் மல்லன் ஆகான், நோயாளியே ஆவான்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் பெரிதும் உணவின் அளவைப் பற்றியே பேசுகிறார் என்பதை நாம் அறிவோம். முன் உண்டது செரித்ததை அறிந்து, பசித்த பின் உண்ண வேண்டும் என்னும் அவர் கருத்து, எடையைக் கூட்ட விரும்புவோர்க்கும் குறைக்க விரும்புவோர்க்கும் ஒருங்கே பொருந்தும்.

உடல் தசையாக வளர்வதற்கு உணவில் உள்ள புரதம் வேண்டும். உழைக்கும் ஆற்றலுக்கு மாவுப்பொருளும் கொழுப்பும் வேண்டும். எலும்பு உறுதிபெறச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். குருதி செழிக்க இரும்புச் சத்து வேண்டும். கடும் பயிற்சி செய்யாதவர்க்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.8 கிராம் புரதம் போதும். வலிமைப் பயிற்சி செய்வோர்க்கு அது 1.2 முதல் 1.6 கிராம் வரை தேவைப்படும். 50 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவர் பயிற்சி செய்தால், நாள்தோறும் 60 முதல் 80 கிராம் வரை புரதம் பெறுதல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இதனைக் கேட்ட அளவில், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது கைகூடுமோ என்ற ஐயம் எழலாம். செங்கற்பட்டுச் சீமையின் விளைபொருள்களைக் கொண்டே கணக்கிட்டுப் பார்ப்போம். மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் விளையும் நெல்லின் அரிசி 400 கிராமில் ஏறத்தாழ 30 கிராம் புரதம் உண்டு. பருப்பு 75 கிராமில் 17 கிராமும், மேட்டு நிலத்தில் விளையும் வேர்க்கடலை 50 கிராமில் 12 கிராமும் உண்டு. பால் 400 மில்லிலிட்டரில் 13 கிராம் உண்டு. இவற்றைக் கூட்டினால் 72 கிராம் ஆகிறது. முட்டை உண்போர்க்கு ஒரு முட்டையில் 6 கிராம் மேலும் கிடைக்கும். மாமல்லபுரம், கோவளம், கல்பாக்கம் முதலிய கடற்கரை ஊர்களில் கிடைக்கும் மீனில் நூறு கிராமுக்கு 20 கிராம் அளவில் புரதம் அமைந்துள்ளது. கேழ்வரகு நூறு கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு பாலில் உள்ளதைவிட இது இரு மடங்குக்கு மேற்பட்டது. கீரையும் நெல்லிக்காயும் சேர்த்து உண்டால், கீரையின் இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்றுக்கொள்ளும்.

அரிசியில் குறைவாக உள்ள புரதக் கூறு பருப்பில் நிறைந்திருக்கிறது. பருப்பில் குறைவானது அரிசியில் இருக்கிறது. அரிசியும் உளுந்தும் சேர்த்த இட்டிலியும், சோறும் பருப்பும் கலந்த உணவும், நம் முன்னோர் பட்டறிவால் கண்ட நல்லிணைப்புகள். தகரக் குவளைகளில் அடைத்துப் பெருவிலைக்கு விற்கும் புரத மாவு இல்லாமலே ஒரு மாணவன் வலிமை பெறலாம் என்பதற்கு, மரக்கறி உணவால் வலிமை பெற்ற இராமமூர்த்தியே சான்றாவார்.

எடையும் வலிமையும்

எடை மிகுந்தவரெல்லாம் வலியர் ஆகார். மாமல்லபுரத்துக் குகை ஒன்றில், கொற்றவை மகிடனோடு பொரும் காட்சி பாறையில் செதுக்கப் பெற்றுள்ளது. எருமைத் தலையும் பருத்த உடலும் கொண்டு, கையில் தண்டேந்தி நிற்கும் அசுரன் ஒருபுறம். ஒல்லிய இடையும் விரைவும் கொண்டு அரிமாவின்மீது அமர்ந்து வில் வளைக்கும் அன்னை மறுபுறம். பின்வாங்குபவன் பருத்தவனே. எடை வேறு, ஆற்றல் வேறு என்னும் உண்மையை, பல்லவர் காலத்துச் சிற்பி உளியினால் எழுதி வைத்திருக்கிறான்.

ஆகவே, இத்தனை கிலோ ஆவேன் என்று எண்ணைக் குறியாகக் கொள்வதைவிட, இத்தனை தண்டால் செய்வேன், இவ்வளவு தூரம் ஓடுவேன் என்று செயலைக் குறியாகக் கொள்வதே மாணவர்க்கு ஏற்றது. வளரும் பருவத்தினர்க்கு உயரம் கூடும்போதே எடையும் கூடும். ஒருவர் எடை மற்றொருவர்க்கு அளவுகோல் ஆகாது. மெலிந்தவர் எடையைக் கூட்ட விரும்பினால், திங்கள் ஒன்றுக்கு ஒரு கிலோ அளவில் கூடுவது தசையாக வளர இடந்தரும். அதனினும் விரைந்தால் பெரும்பகுதி கொழுப்பாகவே தங்கும். பருத்தவர் உண்ணாநோன்பிருந்து எடையைக் குறைக்க முயன்றால், கொழுப்போடு தசையும் கரைந்து, வளர்ச்சியும் குன்றும். இவ்விரு திறத்தார்க்கும் இரவில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும். தசை பயிற்சிக் கூடத்தில் வளர்வதில்லை. அங்கே அது களைப்படைகிறது. உணவாலும் உறக்கத்தாலுமே அது வளர்கிறது.

அரங்கில் பெற்ற புகழ்

ஆசிரியர் தொழிலில் இருந்த இராமமூர்த்தி, நண்பர்களின் ஊக்கத்தாலும் செல்வர்களின் துணையாலும் பின்னர்ச் சர்க்கஸ் குழு ஒன்றை அமைத்தார். அக்குழுவுடன் இந்தியாவின் பெருநகரங்கள் பலவற்றிற்குச் சென்று தம் ஆற்றலைக் காட்டினார். தோளிலும் மார்பிலும் இறுகக் கட்டிய இருப்புச் சங்கிலியை, மூச்சை நிறைத்து உடலை விம்மச் செய்து அறுத்தெறிந்தார். ஓடத் தொடங்கும் மோட்டார் வண்டிகளைச் சங்கிலியால் பிணித்து நகரவொட்டாமல் நிறுத்தினார். 1905 முதல் 1910 வரை இந்தியாவின் அரசப் பிரதிநிதியாய் இருந்த மிண்டோ பிரபுவே அவ்வாற்றலைத் தம் வண்டியைக் கொண்டு சோதித்து வியந்தார் என்பர். மார்பின்மேல் பலகை இட்டு அதன்மேல் யானையை ஏறி நிற்கச் செய்வது அவருடைய புகழ்மிக்க செயலாகும்.

யானையின் பாரத்தை மனித மார்பு எவ்வாறு தாங்கியது? பலகை பாரத்தை ஓர் இடத்திற் குவியாமல் மார்பு முழுதும் பரவச் செய்கிறது. உள்ளிழுத்து நிறுத்திய காற்று, நிறைந்த தோல்துருத்தி போல் மார்புக் கூட்டை உறுதியாக்குகிறது. பல்லாண்டுப் பயிற்சியால் இறுகிய தசைகள் விலா எலும்புகளை வளைய விடாமல் பிடித்துக்கொள்கின்றன. இதனை மாயம் என்றோ மந்திரம் என்றோ கூறுதல் பொருந்தாது. உடலின் இயல்பை அறிந்து செய்த அருஞ்செயல் என்றே கொள்ளுதல் வேண்டும். எனினும் அதனை மற்றவர் முயன்று பார்த்தல் உயிருக்கு இடர் விளைக்கும் என்பதனை மாணவர் மறத்தலாகாது.

மதன் மோகன் மாளவியர் போன்ற தலைவர்கள் இராமமூர்த்தியை ஊக்கி, வெளிநாடு சென்று பாரதத்தின் பெருமையை நிலைநாட்டுமாறு தூண்டினர். இலண்டனில் ஐந்தாம் சார்சு மன்னரும் மேரி அரசியாரும் அவருடைய ஆற்றலைக் கண்டு மகிழ்ந்தனர் என்றும், இந்திய எர்குலிசு என்னும் பட்டம் அவருக்கு அளிக்கப் பெற்றது என்றும் அவர் வரலாறு கூறும். இந்தியர் மெலியர், ஆளப்படவே பிறந்தவர் என்னும் இழிமொழி பரவியிருந்த காலம் அது. அக்காலத்தில், மரக்கறி உண்ணும் இந்தியர் ஒருவர் மேனாட்டு அரங்கில் நிமிர்ந்து நின்றமை, அடிமைப்பட்டிருந்த மக்களின் நெஞ்சில் புதியதொரு மானத்தை ஊட்டிற்று. அவரைப் பார்த்த ஊர்கள்தோறும் இளைஞர்கள் உடற்பயிற்சிக் கூடங்களை நாடிச் சென்றனர்.

புகழின் விலை

வலிமையைக் காட்சிப் பொருளாக்குவோர் அதற்குரிய விலையையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. யானையைத் தாங்கும் காட்சியில் ஒருமுறை பலகை பிறழ்ந்து, விலா எலும்பு முறிந்து, அவர் நெடுநாள் மருத்துவம் பெற்றார் என்பர். பிற்காலத்தில் காலில் தோன்றிய புண் ஆறாது முற்றியதால், அக்காலையே அறுத்து நீக்க நேர்ந்தது. மயக்க மருந்து வேண்டா என மறுத்து, மூச்சை அடக்கி அவ்வேதனையைப் பொறுத்தார் என்று அவர் நாட்டு மக்கள் இன்றும் சொல்லுகின்றனர். ஓடும் வண்டியை நிறுத்திய கால் ஒன்று இல்லாமற் போயிற்று. ஈட்டிய பெரும் பொருளையும் நாட்டுப் பணிக்கும் நற்பணிக்கும் வாரி வழங்கிவிட்ட அவர், தம் இறுதி நாள்களை ஒடிசாவைச் சேர்ந்த பலாங்கீரில் கழித்தார். 1942ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். விசாகப்பட்டினக் கடற்கரையில் அவருக்குச் சிலை எடுத்து ஆந்திர மக்கள் போற்றி வருகின்றனர்.

இராமமூர்த்தியின் வாழ்வில் நாம் பின்பற்றத் தக்கது எது, பின்பற்றத் தகாதது எது என்பதைப் பகுத்தறிதல் வேண்டும். மார்பின்மேல் யானையை ஏற்றியது காட்சி. அதற்காகத் தம் உடலை ஆண்டுக்கணக்கில் ஒழுங்கோடு பழக்கியதே வாழ்க்கை. காட்சி சில நிமிடங்களில் முடிந்தது, விலாவையும் முறித்தது. வாழ்க்கையோ நோயுற்ற சிறுவனை வலியவன் ஆக்கியது.

மாணவர் கொள்ள வேண்டியவை

இக்காலத்தில் வலிமையை விலைக்கு விற்பதாகக் கூறுவோர் பலர் உளர். சில திங்களில் தோள் திரளும் என்று கூறி, ஊக்க மருந்துகளை மாணவர் கையில் கொடுப்போரும் உளர். வளரும் பருவத்தில் அம்மருந்துகளை உட்கொண்டால், எலும்பின் நுனிகள் காலத்திற்கு முன்னே மூடி உயரம் தடைப்படும். கல்லீரலும் இதயமும் கெடும். இளமையில் மெலிந்திருந்த இராமமூர்த்திக்குக் குறுக்கு வழி ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காமற் போனதே அவர் பெற்ற பேறு என்று கருதலாம்.

விடியலில் எழுந்து, சிறு எண்ணிக்கையில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டிப் பயிலுங்கள். கால்களுக்கும் கைகளுக்கும் முதுகிற்கும் உரிய பயிற்சிகளை மாற்றி மாற்றிச் செய்து, இடையிடையே ஓய்வு கொடுங்கள். காலையுணவை நீக்காதீர்கள். பயிற்சிக்குப் பின் வீட்டில் உள்ள கூழோ, சுண்டலோ, வேர்க்கடலையோ, பாலோ, வாழைப்பழமோ உண்ணுங்கள். வெயிலிற் பயின்றால் நீரும் மோரும் பருகுங்கள். இவை மாணவர்க்கு மட்டும் அன்றி மாணவியர்க்கும் உரியன. பெண்கள் இரும்புச் சத்துள்ள உணவை மேலும் கருத்தோடு கொள்ளுதல் வேண்டும். நாள்தோறும் எடைக்கருவியின்மேல் ஏறி நின்று மகிழ்வதும் வருந்துவதும் வேண்டா. திங்களுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மூச்சிரைப்பு, நெஞ்சுவலி முதலிய குறை உடையோர் மருத்துவரைக் கேட்டே தொடங்குதல் நன்று.

வலிமை பெற்றபின் அதனை எதற்குப் பயன்படுத்துவது என்பதே இறுதி வினா. வெள்ளத்தில் சிக்கியவனைக் கரைசேர்க்கவும், முதியவர் சுமையை வாங்கிக்கொள்ளவும், தாய் தந்தையர்க்குத் தோள் கொடுக்கவும் உதவாத வலிமை, வீட்டில் பூட்டிவைத்த பொற்காசு போன்றதே. சைதாப்பேட்டையில் கற்ற கல்வியைக் கொண்டு இராமமூர்த்தி முதலிற் செய்த செயல், தம் ஊர்ப் பிள்ளைகளை வலியர் ஆக்கியதே ஆகும். யானையைத் தாங்கிய புகழினும் அச்செயலே சிறந்தது.